போலிகளைச் சேகரிப்பவன்

என் அலமாரியில் ஜப்பானின் வீடியோ கேம் நிறுவனமான நின்டென்டோ தயாரித்த பொருள்கள் குறைவு; நின்டென்டோவைப் பார்த்து யார் யாரோ தயாரித்த பொருள்களே மிகுதி. பழைய வீடியோ கேம்களைச் சேகரிக்கிறேன் என்று கேள்விப்பட்டு வீட்டுக்கு வருகிறவர்கள், பெயர் அச்சிடாத சாம்பல்நிறப் பெட்டிகளையும், மேலட்டையில் ஒரு விளையாட்டின் படமும் உள்ளே வேறொரு விளையாட்டுமாக இருக்கும் மஞ்சள் கேசட்டுகளையும் பார்த்துவிட்டு, “இதெல்லாம் டூப்ளிகேட்தானே?” என்று கேட்பார்கள். டூப்ளிகேட்தான். அதனால்தான் வைத்திருக்கிறேன். தொண்ணூறுகளில் தமிழ்நாட்டில் வளர்ந்த ஒரு தலைமுறை விளையாடியது இவற்றில்தான். அசல் பொருள் இங்கே பெரும்பாலான வீடுகளுக்குள் வந்ததே இல்லை. அப்படியிருக்க, ஜப்பானிலும் அமெரிக்காவிலும் விற்ற அசல்களை மட்டும் தேடி வாங்கி அடுக்கினால், அது அந்நாட்டுச் சிறுவர்களின் இளமைக்காலத்தை நாம் விலைகொடுத்து வாங்கிக்கொண்டதாகத்தான் ஆகும்.

நின்டென்டோவின் ஃபேமிகாம் என்ற வீடியோ கேம் கருவி 1983 ஜூலையில் ஜப்பானில் வெளியானது. 1985இல் அமெரிக்காவுக்குப் போனபோது அதன் உடலை முற்றிலும் மாற்றி, கேசட் அசல்தானா என்று சோதிக்கும் ஒரு பூட்டுச் சில்லையும் சேர்த்தார்கள். ஜப்பானியப் பதிப்பில் அந்தப் பூட்டு இல்லை. ஆகவே தைவானிலும் ஹாங்காங்கிலும் சீனாவிலும் நகல் எடுத்தவர்கள் இந்தப் பதிப்பையே பிடித்துக்கொண்டார்கள். நம் ஊருக்கு வந்த இந்த வகை டிவி கேம்களில் பெரும்பாலானவற்றில் 60 தொடுமுனைகள் கொண்ட கேசட்டுகளே செருகப்படுவதும், 72 தொடுமுனைகள் கொண்ட அமெரிக்கக் கேசட் அவற்றில் நுழையவே நுழையாது என்பதும் இதன் விளைவு. அமெரிக்காவிலிருந்து உறவினர் ஒருவர் ஆசையாகக் கொண்டுவந்த கேசட், செருகவே வழியில்லாமல் மேசை டிராயரில் முப்பது ஆண்டுகள் கிடந்த கதையைப் பலர் வாயிலாகக் கேட்டிருக்கிறேன்.

இந்த நகல்களின் பழைய தலைமுறையில் தைவானின் யு.எம்.சி. நிறுவனம் தயாரித்த சில்லுகள் இருந்தன. கணிப்புக்கு ஒன்று, படத்துக்கு ஒன்று என இரண்டு பெரிய சில்லுகளும், பக்கத்தில் நினைவகச் சில்லுகளும் பலகையில் தெளிவாகத் தெரியும். பின்னர் எல்லாவற்றையும் ஒரே சில்லுக்குள் அடக்கி, அதன்மேல் எபாக்சி என்ற கறுப்புப் பிசினைச் சொட்டி மூடிவிட்டார்கள். சேகரிப்பவர்களுக்கு இந்த வேறுபாடே முதல் அளவுகோல். திருகாணிகளைக் கழற்றாமலே காற்றுத் துளைகள் வழியாக டார்ச் அடித்துப் பார்த்தால், நீண்ட கால்களுடைய சில்லுகளா, பெரிய பெட்டியின் நடுவில் அனாதையாகக் கிடக்கும் சிறு பலகையா என்பது தெரிந்துவிடும். முன்னதைக் கையில் தூக்கினாலே கனம் சொல்லும்.

நாம் விளையாடிய விளையாட்டுகள் ஏன் குறிப்பிட்ட அந்தச் சிலவாகவே இருந்தன என்பதற்கும் காரணம் இருக்கிறது. மாரியோ, டேங்க் விளையாட்டு என்று நாம் அறிந்த ‘பேட்டில் சிட்டி’, ‘பாம்பர்மேன்’, ‘ஐஸ் கிளைம்பர்’, வாத்து சுடும் ‘டக் ஹன்ட்’ ஆகியவை எல்லாம் 1984, 1985 ஆண்டுகளின் ஆக்கங்கள். கேசட்டுக்குள் கூடுதல் சில்லு எதையும் வைக்காமல் ஃபேமிகாமால் நேரடியாகப் படிக்க முடிந்த அளவு 40 கிலோபைட். ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ அந்த 40 கிலோபைட்டையும் முழுமையாக எடுத்துக்கொண்டது. ‘பேட்டில் சிட்டி’க்கு 24 போதுமாயிற்று. இத்தகைய சிறிய விளையாட்டுகள் நாற்பதை அடுக்கினாலும் ஏறத்தாழ ஒரு மெகாபைட்தான் ஆகும். நினைவகச் சில்லு விலை அதிகமாக இருந்த காலத்தில், பல விளையாட்டுகள் கொண்ட கேசட் தயாரிக்க நினைத்தவருக்கு இவற்றைவிடத் தோதானவை கிடையா. எண்பதுகளின் இறுதியிலும் தொண்ணூறுகளின் தொடக்கத்திலும் வெளியான பெரிய, ஆழமான கதை விளையாட்டுகளில் பெரும்பாலானவை நம்மிடம் வந்து சேராமல் போனதற்கு நம் ரசனை காரணமல்ல. ‘கான்ட்ரா’ ஒரு விதிவிலக்கு. அமெரிக்கப் பதிப்பிலேயே 128 கிலோபைட் கொண்ட அந்த விளையாட்டைத் தனிக் கேசட்டாகவாவது போட்டு விற்றார்கள். இரண்டு பேர் சேர்ந்து ஆடலாம் என்ற ஒன்றே அதற்குப் போதுமான விளம்பரமாக இருந்தது. ‘பேட்டில் சிட்டி’ அமெரிக்காவில் அதிகாரபூர்வமாக வெளியிடப்படவே இல்லை என்பதை இங்கே சொல்லிவைக்கிறேன். நம் தெருப் பையன்கள் கண்ணை மூடிக்கொண்டு ஆடிய ஒன்றை, அங்கே அசல் வாங்கியவர்கள் பார்த்ததில்லை.

கேசட்டின் மேல் எழுதியிருக்கும் எண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். ‘9999999 இன் 1’ என்று போட்டிருக்கும். இயக்கினால் கடலும் பறவைகளும் தெரிய, பட்டியல் பக்கம் பக்கமாக நீளும். உண்மையில் உள்ளே இருப்பவை ஐந்தாறு விளையாட்டுகளே. ஒரே மாரியோவை வெவ்வேறு கட்டங்களிலிருந்து தொடங்கவைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு புதுப்பெயர் சூட்டி, அதையே திரும்பத் திரும்ப அடுக்கியிருப்பார்கள். தொடக்கத் திரையிலிருந்து நின்டென்டோவின் பெயரையும் ஆண்டையும் கவனமாக அழித்திருப்பார்கள். அத்தகைய கேசட் ஒன்றைத் திறந்து மேசைமேல் வைத்திருக்கிறேன். உள்ளங்கையை நிறைக்கும் பிளாஸ்டிக் கூட்டுக்குள், கீழ் விளிம்பை ஒட்டி இரண்டு விரல் அகலப் பலகை ஒன்று, அதன் நடுவே புளியங்கொட்டை போல் மழமழவென்று கறுத்த ஒரு சொட்டு, மீதியெல்லாம் வெற்றிடம். தொடுமுனைகளில் பூசிய உலோகம் இரண்டு இடங்களில் உரிந்து செம்பு தெரிகிறது. பலகையின் ஓரத்தில் யாரோ பேனாவால் இட்ட ஒரு டிக் குறி இருக்கிறது, சோதித்து அனுப்பியதற்கு அடையாளமாக இருக்கலாம். மேலட்டையில் இருக்கும் படம் நின்டென்டோவின் போட்டியாளரான சேகா நிறுவனத்தின் விளையாட்டிலிருந்து எடுத்தது!

இந்த நகல்களுக்கென்று ஒரு தனிக் குணம் இருப்பதை, அசலையும் நகலையும் அருகருகே ஓட்டிப் பார்த்த பிறகே உணர்ந்தேன். ஜப்பானியத் தொலைக்காட்சி நொடிக்கு 60 படங்கள் என்ற கணக்கில் இயங்குவது, நம்முடையது 50. நம் தொலைக்காட்சிக்கு ஏற்பச் செய்யப்பட்ட நகல்களில் பல, அதே விளையாட்டை நொடிக்கு 50 படங்களாக ஓட்டின. அதனால் நாம் ஆடிய மாரியோ, அசல் மாரியோவைவிட ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடினார். இசையின் தாளமும் அதே அளவு தளர்ந்தது. ஆனால் சுருதி மட்டும் பெரிதாக இறங்கவில்லை, ஏனென்றால் நகல் சில்லின் கடிகாரத்தை ஜப்பானிய வேகத்துக்கு மிக அருகிலேயே வைத்திருந்தார்கள். இதற்கு மேல், யு.எம்.சி. சில்லுகள் சிலவற்றில், ஒலியின் குரலைத் தீர்மானிக்கும் அலைத் துடிப்பின் 25 சதவீத அகலமும் 50 சதவீத அகலமும் தங்களுக்குள் இடம் மாறியிருந்தன. ஸ்வரம் சரியாக இருக்கும், குரல்தான் வேறாக இருக்கும். ஜப்பானிய அசலில் முதன்முறையாக மாரியோ ஆடுகிற நம் ஊர்க்காரர் எவரும் “ஏதோ அவசரமாக ஓடுகிறது, பாட்டும் வேறு மாதிரி இருக்கிறது” என்று சொல்வது மனப்பிரமை அல்ல. கணினியில் எமுலேட்டர், அதாவது பழைய கருவியைப் போல நடிக்கும் மென்பொருள், போட்டு ஆடுகிறவர்களுக்கும் வழக்கமாகக் கிடைப்பது ஜப்பான் அல்லது அமெரிக்காவின் வேகம்தான். நாம் கேட்ட அந்த ஒலி வேண்டுமென்றால் பெரும்பாலும் அந்தப் பெட்டியைத்தான் தேட வேண்டும்.

வெளிநாட்டுச் சந்தையின் போக்கு இதற்கு நேர்மாறானது. 1996இல் வெளியாகி ஒரு கோடிக்கும் மேல் விற்ற ‘சூப்பர் மாரியோ 64’ கேசட், உறை பிரிக்கப்படாமல் உயர்ந்த தர மதிப்பெண்ணோடு ஏலத்துக்கு வந்தபோது, 2021 ஜூலையில் 15 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்குப் போனது. உறையைப் பிரித்தால் அந்த விலை கரைந்துவிடும். விளையாடவே முடியாத விளையாட்டுக்கு அவ்வளவு பணமா என்று வியக்கிறவன் நான். அது பங்குப் பத்திர வணிகத்தின் உறவினரே தவிர சேகரிப்பின் உறவினர் அல்ல என்பது என் எண்ணம். ஆனால் எல்லா நாடுகளும் அப்படியில்லை. ரஷ்யாவில் 1992இன் இறுதியில் ‘டென்டி’ என்ற பெயரில் ஃபேமிகாம் நகல் விற்பனைக்கு வந்தது. யானைச் சின்னத்தோடு விற்ற அந்தப் பெட்டி, அந்நாட்டுச் சேகரிப்பாளர்களுக்கு இன்று மரியாதைக்குரிய பொருள். எந்த ஆண்டுப் பெட்டி, எந்த அட்டைப்படம், எந்தப் பலகை என்று வகைபிரித்து எழுதிவைத்திருக்கிறார்கள். போலந்தில் ‘பெகாசஸ்’ அதே இடத்தில் இருக்கிறது. போலியைத் தம் வரலாறாக ஏற்றுக்கொள்ள அவர்களுக்குக் கூச்சமில்லை. நம்மிடம் அப்படியொரு பட்டியல்கூட இல்லை.

இங்கே பொருள் கிடைக்கும் இடங்கள் மாறிக்கொண்டே வருகின்றன. பர்மாவிலிருந்து திரும்பியவர்களுக்காகச் சென்னை ராஜாஜி சாலையில் உருவான பர்மா பஜார் ஒருகாலத்தில் இவற்றின் தலைவாசல். அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு பழுதுபார்ப்புக்கும் உதிரிக்கும். இன்று இரண்டிலும் பழைய சரக்கு தேடிப் பயனில்லை. செல்போன் உறைகளும் கேமராக்களுமே அங்கே மிகுதி. எனக்குக் கிடைத்தவற்றில் நல்லவை காயலான் கடைகளிலிருந்தும், வீடு காலிசெய்கிறவர்கள் இணையத்தில் இடும் விளம்பரங்களிலிருந்தும் வந்தவை. காயலான் கடையில் வேகம் தேவை. பிளாஸ்டிக் ஒரு மூட்டைக்கும் பலகை வேறு மூட்டைக்கும் பிரிவதற்கு முன் பார்த்துவிட வேண்டும். பிரிந்த பிறகு அது வெறும் எடை. புறநகரில் நான் வழக்கமாகப் போகும் கடை அண்ணன், “தம்பி, இது ஓடுமான்னு கேக்காதீங்க, பிளாஸ்டிக் வெலைக்கு எடுத்துக்குங்க” என்பார். அதைவிட நியாயமான வணிக நிபந்தனையை இந்தத் துறையில் நான் எங்கும் சந்தித்ததில்லை. இணைய விளம்பரங்களில் நிலைமை வேறு. வெளிநாட்டு ஏலச் செய்தியை யாரோ பகிர்ந்ததைப் பார்த்துவிட்டு, அடாப்டரும் இல்லாத, கன்ட்ரோலர் வயர் அறுந்த பெட்டிக்கு அரிய பொருள் என்று பெயரிட்டு ஐந்து இலக்க விலை போடுகிறார்கள். பேரம் பேசாமல் விட்டுவிடுவேன். மூன்று மாதத்தில் அதே விளம்பரம் பாதி விலையில் மீண்டும் வரும்.

பெட்டியைவிட அட்டைப்பெட்டி அரிது என்பதைப் புதிதாகச் சேகரிக்கத் தொடங்குகிறவர்கள் நினைவில் கொள்ள வேண்டும். தெர்மகோல் அச்சு, அச்சுப்பிழைகள் நிறைந்த கையேடு, கடையின் முத்திரையிட்ட ரசீது ஆகிய மூன்றில் ஒன்றாவது இருந்தால் அந்தப் பொருளின் வயதை ஓரளவு நிச்சயமாகச் சொல்லலாம். பெட்டியின் தோற்றத்தை மட்டும் நம்ப முடியாது. பிளேஸ்டேஷன் போன்ற உடலுக்குள் ஃபேமிகாம் நகலை வைத்து விற்றவர்களும் உண்டு. மூடியைத் திறந்தால் குறுந்தகடு வைக்கும் இடத்தில் கேசட் துளை இருக்கும். இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், அந்தப் போலிகளுக்கே இப்போது போலிகள் வந்துவிட்டன. ‘400 இன் 1’ என்ற பெயரில் கையடக்கமாக இன்று விற்கும் கருவிகளில் ஓடுவதும் அதே பழைய விளையாட்டுகள்தான். புதிய சரக்கைப் பழைய கூட்டில் மாட்டி, தொண்ணூறுகளின் பொருள் என்று விற்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அசலைத் தேடுகிறவர் போலியை விலக்கினால் போதும். நானோ சரியான போலியையும் தவறான போலியையும் பிரித்தறிய வேண்டியிருக்கிறது. பலகையில் அச்சிட்ட தேதிக் குறி, பற்றுவைத்த ஈயத்தின் மங்கல், திருகாணித் தலையில் பழைய துரு ஆகியவை துணைசெய்கின்றன.

இந்தக் கேசட்டுகள் பதிப்புரிமையை மீறியவை என்பதில் ஐயமில்லை. ஆகவே நான் அவற்றைப் பணத்துக்கு விற்பதில்லை, மாற்றிக்கொள்வது மட்டுமே. அட்டைப்பெட்டியோடு இருக்கும் ஒரு நகல் தொகுப்புக்கு, நின்டென்டோவின் அசல் கையடக்கக் கருவியான கேம்பாய் அட்வான்ஸ் ஒன்றை உதிரியாகக் கொடுத்தும் இருக்கிறேன். அதைப் பெற்றுக்கொண்டவர் தாம் ஏமாற்றிவிட்டதாக நினைத்துச் சங்கடப்பட்டார். இருவருக்கும் மகிழ்ச்சி தரும் இந்த அறியாமை இன்னும் சில ஆண்டுகள் நீடித்தால் நல்லது.

அசல்களை முற்றிலும் ஒதுக்கிவிட்டேன் என்று பொருளல்ல. இந்தியாவில் அதிகாரபூர்வமாக விற்கப்பட்டவற்றை விடாமல் வாங்குகிறேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் சேகா கருவிகளை இங்கே கொண்டுவந்தது, மதுபான வணிகத்தில் பெயர்பெற்ற ஷா வாலஸ் குழுமம் என்பது இன்றைய பிள்ளைகளுக்கு நம்பமுடியாத செய்தியாக இருக்கும். பிளேஸ்டேஷன் 2 காலத்தில் இந்தியச் சந்தையை முன்வைத்து இந்திய நிறுவனங்களே விளையாட்டுகள் ஆக்கின. 2009இல் வந்த ‘ஹனுமான்: பாய் வாரியர்’ ஹைதராபாத்தில் உருவானது; அதே ஆண்டின் ‘தேசி அட்டா’வில் கபடியும் பட்டமும் கில்லியும் இருந்தன. விளையாட்டாக இரண்டும் சுமார்தான், ‘ஹனுமான்’ சுமாருக்கும் கீழே. ஆனால் உறையின் பின்புறம் எம்.ஆர்.பி. ஒட்டியிருக்கும் அந்தத் தகடுகள், நகல் தகடும் ஓடும்படி சிப் போட்ட பிளேஸ்டேஷனும் டூப்ளிகேட் டிவிடியும் ஆண்ட ஊரில் அசலாக விற்க முயன்றதற்குச் சான்றுகள். எம்.ஆர்.பி. வில்லையைச் சுத்தம் என்ற பெயரில் உரித்து எறிந்துவிட்டுத் தகட்டைப் பளபளவென்று அனுப்பிவைக்கும் விற்பனையாளர்களை எண்ணினால் வயிறு எரிகிறது.

கருவி கிடைத்துவிட்டாலும் தொலைக்காட்சி கிடைக்க வேண்டும். வாத்து சுடும் துப்பாக்கி வேலைசெய்யும் விதம் எளிமையானது: விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் முழுதும் கறுத்து, வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் தோன்றும், துப்பாக்கிக்குள் இருக்கும் ஒளியுணரி அந்த வெளிச்சத்தைக் கண்டால் வாத்து விழும். துப்பாக்கி எதையும் சுடுவதில்லை, பார்க்க மட்டுமே செய்கிறது. இதற்குப் படம் தாமதமின்றித் திரையில் விழ வேண்டும், எல்.இ.டி. தொலைக்காட்சிகள் படத்தைப் பதப்படுத்திக் காட்டுவதால் அந்தக் கணம் தவறிவிடுகிறது. குழாய்த் தொலைக்காட்சியே தேவை. அமெரிக்காவில் அவற்றைத் தேடி அலைகிறார்கள். நமக்கு அரசே வழிசெய்து வைத்திருக்கிறது. 2006ஆம் ஆண்டு தொடங்கித் தமிழக அரசு வழங்கிய 14 அங்குல இலவச வண்ணத் தொலைக்காட்சி, இந்த விளையாட்டுகளுக்குக் கச்சிதமான அளவு. கேபிள் நின்று ஸ்மார்ட் டிவி வந்த பிறகு பரணுக்குப் போன அந்தப் பெட்டிகளை நானூறு, ஐந்நூறு ரூபாய்க்கு மகிழ்ச்சியோடு தருகிறார்கள். என்னிடம் உள்ளதில் சேனல் பொத்தானில் ஒன்று உள்ளே போய்விட்டது. படம் இன்னும் துல்லியம்.

ஜப்பானிலிருந்து நேரடியாக அசல் ஃபேமிகாம் வரவழைப்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். அதனுடன் வரும் அடாப்டர் 100 வோல்ட்டுக்கானது. நம் 230 வோல்ட்டில் செருகினால் புகைதான். அதன் படமும் ஆன்டெனா வழியாக ஜப்பானிய அலைவரிசையில் வருவது. நம் பழைய தொலைக்காட்சிகள் அதைப் பிடிப்பது கடினம் என்பதால், ஏ.வி. வெளியீடு சேர்த்துப் பற்றுவைத்த பெட்டியாகப் பார்த்து வாங்குவது நல்லது. கேசட் ஓடவில்லையென்றால் வாயால் ஊதும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஊதினால் சரியாவதுபோல் தோன்றுவது, கழற்றி மறுபடி மாட்டுவதால்தான். எச்சிலின் ஈரம் தொடுமுனைகளை அரிக்கவே செய்யும். பஞ்சுக் குச்சியில் ஐசோப்ரொபைல் ஆல்கஹாலைத் தொட்டுத் துடைத்தால் போதும்.

இப்போது என் நேரத்தின் பெரும்பகுதி படியெடுப்பதில் போகிறது. கேசட்டை ஒரு ரீடரில் செருகி, உள்ளிருப்பதைக் கணினியில் கோப்பாகச் சேமிப்பது. ‘மாரியோ’வும் ‘கான்ட்ரா’வும் உலகெங்கும் ஆயிரம் இடங்களில் இருக்கின்றன, அவை அழியமாட்டா. அழியக்கூடியது, ஒவ்வொரு பலவிளையாட்டுக் கேசட்டுக்கும் யாரோ பெயர் தெரியாத ஒருவர் எழுதிய அந்தப் பட்டியல் திரை, அதன் பின்னணி, அதன் இசை, அவர் சூட்டிய விசித்திரப் பெயர்கள். கறுப்புச் சொட்டுக்குள் ஈரம் புகுந்தால் பழுதுபார்க்க வழியில்லை; சில்லை மாற்றவும் முடியாது. விளையாட்டுகளை மாற்றி மாற்றிக் காட்டும் மின்சுற்று கேசட்டுக்குக் கேசட் வேறுபடுவதால், ஒன்றைப் படித்த முறையில் இன்னொன்றைப் படிக்க முடியாது. சில மாலைகளில் கிடைத்துவிடும். சில கேசட்டுகள் மாதக்கணக்கில் மேசையிலேயே கிடக்கின்றன.

உங்கள் வீட்டுப் பரணில் இத்தகைய பெட்டி இருந்தால் ஒரு வேண்டுகோள். ஓடுகிறதா என்று பார்க்க, கையில் கிடைத்த அடாப்டரை எடுத்துச் செருகாதீர்கள். இவற்றில் சிலவற்றுக்கு முனையின் நடுப்பகுதி நேர்மின், சிலவற்றுக்கு எதிர்மின். மாறிப்போனால் சில்லு போய்விடும். முதலில் பெட்டியின் அடிப்பக்கத்தையும், கேசட்டின் முன், பின் பக்கங்களையும், அட்டைப்பெட்டி இருந்தால் அதன் ஆறு பக்கங்களையும் படமெடுத்து அனுப்புங்கள். எந்த ஆண்டு, எந்த ஊரில், என்ன விலைக்கு வாங்கியது என்பது வீட்டில் யாருக்காவது நினைவிருந்தால் அதையும் எழுதுங்கள். பொருளைத் தர விருப்பமில்லையென்றால் தர வேண்டாம், கேசட்டை மட்டும் ஒரு வாரத்துக்கு அனுப்பினால் படியெடுத்துவிட்டு, துடைத்து, அஞ்சல் செலவு என்னுடையதாகத் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.